கரியும் பாடும்: கடும் உடலுழைப்பைக் காட்டும் கரிச்சித்திரங்களும் ஓவியத் திறனாய்வுத் தமிழும்

சென்னைக் கடற்கரையில் 1959 முதல் நிற்கும் தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் வெண்கலச் சிற்பத்திற்கு ஆங்கிலத்தில் ‘உழைப்பின் வெற்றி’ எனப் பொருள்படும் பெயர் உண்டு. தமிழ்நாட்டில் அதனை ‘உழைப்பாளர் சிலை’ என்றே எல்லோரும் வழங்குகின்றனர். இம்மாற்றத்தில் இரண்டு செயல்கள் நிகழ்ந்துள்ளன. ‘வெற்றி’ என்னும் சொல் உதிர்ந்துவிட்டது. தொழிற்பெயராகிய ‘உழைப்பு’ ஆட்பெயராகிய ‘உழைப்பாளர்’ ஆயிற்று. பாறையைப் பெயர்க்கும் நால்வரைப் பார்த்த மக்கள் அங்கே வெற்றியைக் காணவில்லை. பாறை இன்னும் பெயரவில்லை என்பதையே கண்டனர் போலும். யாரும் திட்டமிட்டுச் செய்யாத இம்மொழிபெயர்ப்பு மூலத்தைக் காட்டிலும் சிற்பத்திற்கு நெருக்கமாக அமைந்துவிட்டது என்பது நோக்கத்தக்கது.

இதற்கு நேர்மாறான ஒரு மொழிபெயர்ப்பும் தமிழில் உண்டு. அது சிறைச் சொல்லாகும். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 53ஆம் பிரிவில் சிறைத்தண்டனையை இருவகையாகப் பகுத்து, முதல்வகையைக் கடின உழைப்போடு கூடியது என வரையறுத்தது. 2024 ஜூலை முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இவ்வரையறை தொடர்கிறது. இந்தி வழக்கில் இது ‘சஸ்ரம் காராவாஸ்’. ‘ஸ்ரம்’ என்னும் உழைப்புச் சொல் அங்கே வெளிப்படையாக நிற்கிறது. தமிழிலோ இது ‘கடுங்காவல்’, மற்றது ‘வெறுங்காவல்’. கடுமை காவலுக்குரிய அடையாகிவிட்டது. தண்டனையின் உள்ளீடாகிய உழைப்புக்குச் சொல்லில் இடமில்லை. ஒருவருக்கு மூன்றாண்டுக் கடுங்காவல் என்று படிக்கும் தமிழ் வாசகர் பூட்டையும் மதிலையும் கற்பனை செய்கிறாரேயன்றிச் செக்கையோ கல்லுடைக்கும் சம்மட்டியையோ அன்று.

இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவே இக்கட்டுரையின் களம். கடும் உடலுழைப்பைக் கரித்துண்டால் வரைந்தோர் எதனைச் செய்தனர், அதனைத் தமிழில் விளக்க முற்படும் திறனாய்வாளரும் மொழிபெயர்ப்பாளரும் எதனை இழக்கின்றனர் என்பன இங்கே ஆராயப்படுகின்றன.

கோட்டோவியமா, புனையா ஓவியமா

முதற்சிக்கல் கலைச்சொல்லில் எழுகிறது. வண்ணமின்றி வரையப்படும் சித்திரத்திற்கு இன்று பெருவழக்காக உள்ள சொல் ‘கோட்டோவியம்’. பேனா மையாலும் பென்சிலாலும் வரைந்தவற்றுக்கு இச்சொல் பொருந்தும். கரிக்குப் பொருந்தாது. மெல்லிய மரச்சுள்ளிகளைக் காற்றுப் புகாமல் சுட்டெடுக்கும் கரித்துண்டு முனையால் கோடிடும். படுக்கவைத்துத் தேய்த்தால் கையகல நிழலை ஒரே இழுப்பில் தரும். விரலால் தேய்த்தால் புகையாகக் கலையும். துணியால் தட்டினால் பாதி உதிர்ந்துவிடும். தாளின் சொரசொரப்பில் தொற்றிக்கொண்டிருப்பதன்றி அது தாளுக்குள் ஊறுவதில்லை. நிலைநிறுத்தும் பசைக்கரைசலைத் தெளிக்காவிட்டால் சித்திரம் பார்ப்பவரின் சட்டைக்குப் போய்விடும். இத்தகைய பொருளால் ஆகிய ஒன்றைக் கோடு என்னும் சொல்லுக்குள் அடக்குவது, பறையொலியைத் தந்தி இசை என்று கூறுவதற்கு ஒப்பாகும்.

பழந்தமிழில் இதனினும் தகுந்த தொடர் ஒன்று உள்ளது. நெடுநல்வாடையில் தலைவனைப் பிரிந்து அணிகலன் களைந்திருக்கும் அரசியின் தோற்றத்திற்குப் ‘புனையா ஓவியம்’ உவமையாகிறது. வண்ணம் தீட்டப்பெறாத வடிவம் என்பது உரைவழிப் பொருள். இத்தொடர் கருவியைச் சுட்டவில்லை. செய்யாமல் விட்டதைச் சுட்டுகிறது. மேலும், துன்புற்றிருக்கும் ஓர் உடலைக் கூறவே அது வந்துள்ளது என்பதும் கருதத்தக்கது. கரிச்சித்திரத்தின் இயல்பை எதிர்மறை எச்சமாகிய ‘புனையா’ என்பது ‘கோடு’ என்பதனினும் தெளிவாக உணர்த்தும் எனலாம்.

வினைச்சொற்களை நோக்கினால் தமிழின் வளம் இன்னும் தெரியும். வரை, தீட்டு, எழுது, கிழி, இழு எனப் பல வினைகள் சித்திரச் செயலுக்கு வழங்குகின்றன. ஈழத்துத் தமிழில் ‘படம் கீறுதல்’ இயல்பான வழக்கு. இவற்றுள் ‘இழு’ தனித்துக் கவனிக்கத்தக்கது. வண்டியை இழுக்கிறோம், வலையை இழுக்கிறோம், செக்கை இழுக்கிறோம், மூச்சை இழுக்கிறோம், கோட்டையும் இழுக்கிறோம். ஆங்கிலத்திலும் சித்திரம் வரைதலைக் குறிக்கும் வினை இழுத்தலையே அடிப்படைப் பொருளாகக் கொண்டது. மொழிபெயர்ப்பாளருக்கு இவ்வளவு இசைவாகக் கிடைக்கும் சொல் அரிது. இருப்பினும் நூல்வழக்கு ‘வரைதல்’ என்பதையே பற்றிக்கொண்டு, உடல் வேலையின் வாசனையுள்ள வினைகளைக் கொச்சை எனத் தள்ளிவைத்துள்ளது.

‘கரி’ என்னும் பெயரும் அவ்வாறே. ஆங்கிலம் மரக்கரியையும் நிலக்கரியையும் வெவ்வேறு சொற்களால் பிரிக்கிறது. தமிழ் இரண்டையும் கரி என்றே கொண்டு அடையால் வேறுபடுத்துகிறது. இந்தியின் ‘கோய்லா’வும் இரண்டுக்கும் பொதுவே. பழந்தமிழில் கரி என்பதற்குச் சான்று, சாட்சி என்னும் பொருளும் உண்டு. ஒப்புருச் சொற்களைக் கொண்டு வாதம் கட்டுவது மொழியியலுக்கு ஆகாது. ஆதலின் இதனை ஒரு தற்செயலாகவே குறித்துவிட்டு மேற்செல்லலாம்.

சரியான உடலும் தோண்டும் உடலும்

வின்சென்ட் வான்கோ 1878 டிசம்பரில் பெல்ஜியத்தின் போரினாஜ் நிலக்கரிப் பகுதிக்குச் சமயப் பணியாளராகச் சென்றார். அப்பணி நிலைக்கவில்லை. 1880இல் ஓவியராவதென முடிவு செய்தபோது அவர் முதலில் வரைந்தவர்களுள் சுரங்கத் தொழிலாளரும் இருந்தனர். மூட்டை சுமந்து குனிந்து செல்லும் பெண்களைப் பின்னரும் வரைந்தார். ஆனால் உழைப்புச் சித்திரத்தின் சிக்கலை அவர் நேருக்குநேர் எதிர்கொண்டது 1885 கோடையில், நெதர்லாந்தின் நியூனன் ஊரில், கருஞ்சுண்ணக் கட்டியால் உழவரைப் பெரிய அளவில் வரைந்தபோதுதான். கதிர் பொறுக்கும் பெண்ணைப் பின்புறமிருந்து பார்க்கிறோம், முகமில்லை, உயர்ந்து நிற்கும் இடுப்பும், பாவாடையின் கனமும், தரையைத் தொடும் கையுமே சித்திரம்.

அவ்வாண்டில் தம் தம்பிக்கு எழுதிய கடிதத்தில், தம் உருவங்கள் கல்விக்கழக முறைப்படி சரியாக இருந்தால் தாம் நம்பிக்கை இழந்துவிடுவதாக அவர் குறிப்பிட்டார். தோண்டுபவனைப் புகைப்படம் எடுத்தால் அதில் அவன் தோண்டிக்கொண்டிருக்கமாட்டான் என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் போற்றியவர்களுள் ஒருவராகிய லெர்மித், பிரான்சில் கரிச்சித்திரத்திற்கே பெயர்பெற்றவர். அறுவடைக்காரரையும் கூலியாட்களையும் நுணுக்கமான ஒளிநிழலில் வரைந்தவர். லெர்மித்தின் சித்திரங்களில் வேலை நடக்கிறது, ஒளியும் அழகாக விழுகிறது. வான்கோவின் சித்திரங்களில் ஒளி ஒரு பொருட்டன்று. மண்ணுக்கும் முதுகுக்கும் இடையேயான இழுபறியே எல்லாம்.

மொழியியலார்க்கு இவ்வாதம் புதிதன்று. புகைப்படம் பெயர்ச்சொல்லைத் தரும், வேலையோ வினை. வினையிலும் முற்று அன்று. முடியாது தொடரும் எச்சம்.

கேத்தே கோல்விட்ஸ் (1867-1945) இவ்வெச்சத்தை வேறு எவரினும் தெளிவாக உணர்ந்தவர். உழவர் போர் பற்றிய அவருடைய அச்சோவியத் தொடரில் ஏர் இழுப்போரைக் காட்டும் படம் செதுக்கச்சு முறையில் ஆகியது, கரியால் அன்று. ஆயினும் கரியில் பழகிய கையே அதில் தெரிகிறது. மாட்டுக்குப் பதிலாக மனிதர் பூட்டப்பட்டுள்ளனர். உடல்கள் நிலத்திற்கு ஏறத்தாழ இணைகோடாகச் சாய்ந்துள்ளன. 1933இல் அவர் கரியால் வரைந்த தன்னுருவச் சித்திரம் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. அவர் வரைந்துகொண்டிருக்கிறார். முகம் கவனமாகச் செய்யப்பட்டுள்ளது. கரித்துண்டைப் பிடித்த கையும் அவ்வாறே. இரண்டிற்கும் இடையில் இருக்கவேண்டிய புயம் புயமாக இல்லை. கரித்துண்டை அகலமாகப் படுக்கவைத்து மேலும் கீழுமாக ஆவேசத்துடன் இழுத்த சில வளைவுகளே அங்குள்ளன. தோளிலிருந்து விரல்வரை செல்லும் விசைதான் அங்கே புயம். உடலுழைப்பை வரைந்தவர் வரைதலையே உடலுழைப்பாகக் காட்டிய இடம் இது.

இந்தியாவில் சித்தபிரசாத் 1943இன் வங்கப் பஞ்சத்தையும், சோம்நாத் ஹோர் 1946இன் தேபாகா உழவர் இயக்கத்தையும் நேரிற்சென்று வரைந்தனர். அவர்கள் பெரிதும் மையையும் தூரிகையையும் கையாண்டதால் இங்கே விரிக்கப்படவில்லை. கரியையே பொருளாகவும் கருவியாகவும் கொண்டவர் பிரபாகர் பச்புதே. மகாராட்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த சாஸ்தி என்னும் ஊரில் 1986இல் பிறந்தவர். அவர் குடும்பத்தார் தலைமுறைகளாகச் சுரங்கத்தில் பணியாற்றியவர்கள். கண்காட்சிக் கூடத்தின் சுவரிலேயே அவர் கரியால் பெரும் உருவங்களை வரைவதுண்டு. காட்சி முடிந்தபின் அவை அழிக்கப்படும். அவருடைய தொழிலாளர் பலருக்குத் தலையில்லை. தலையிருக்குமிடத்தில் விளக்கோ கருவியோ வேறு பொருளோ இருக்கும். இவ்வோவியங்கள் பற்றிய ஆங்கிலக் குறிப்புகள் கரித்துண்டுக்கும் நிலக்கரிக்கும் உள்ள உறவை விளக்கிச் சொல்லவேண்டியுள்ளது. தமிழில் ‘கரியைக் கரியால் வரைந்தார்’ என்றாலே போதும். மொழிபெயர்ப்பு மூலத்தை விஞ்சும் அரிய இடங்களுள் இதுவும் ஒன்று. தென்னாப்பிரிக்கரான வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1991இல் சுரங்கத்தைப் பற்றிச் செய்த அசைவுப்படமும் இங்கே நினைக்கத்தக்கது. ஒரே தாளில் கரியால் வரைந்து, அழித்து, மீண்டும் வரைந்து படம்பிடிக்கும் முறை அவருடையது. அழித்த கரி முழுவதும் போவதில்லை. முந்திய அசைவின் கறை பிந்திய அசைவின் அடியில் கிடக்கிறது. நேற்றைய வேலை இன்றைய உடம்பில் கிடப்பதுபோல.

வெளிப்பாடும் குறிப்பும்

இத்தகைய ஓவியங்களைத் தமிழில் ‘வெளிப்பாட்டு ஓவியங்கள்’ என்று கூறுவது வழக்கம். ஐரோப்பிய இயக்கப் பெயரின் நேர் பெயர்ப்பு இது. இயக்கத்தின் பெயராக அது இருக்கலாம். ஆனால் உழைப்புச் சித்திரத்தின் இயல்பைச் சொல்ல இச்சொல் உதவாது. வெளிப்பாடு என்பது உள்ளிருக்கும் ஒன்று வெளிவருதல். சுமக்கும் உடலிலோ விசை வெளியிலிருந்து உள்ளே அழுத்துகிறது. மூட்டை கழுத்தை அழுத்துகிறது. கழுத்து முதுகை அழுத்துகிறது. ஓவியர் தம் உணர்ச்சியை வெளியிடுகிறார் என்று கூறும்போது சுமையின் கனம் ஓவியரின் மனத்துக்கு மாறிவிடுகிறது, சுமந்தவர் காணாமற்போகிறார்.

மொழியியலிலும் இதே ஆங்கிலச் சொல் வேறொரு பொருளில் வழங்குகிறது என்பதை இவ்விதழின் வாசகர் அறிவர். எமனோ 1969இல் இந்திய மொழிப்பரப்பின் பொதுக்கூறுகளுள் ஒன்றாக ஒலிக்குறிப்புச் சொற்களை ஆராய்ந்தார். ஆஸ்திரோ-ஆசிய மொழிகளை ஆய்ந்த டிஃப்ளாத், ஒலியை மட்டுமன்றித் தோற்றம், அசைவு, உடலுணர்வு ஆகியவற்றையும் சுட்டும் சொற்களைத் தனி வகுப்பாகக் கொண்டு அவற்றுக்கு இப்பெயரை நிலைநிறுத்தினார். (நிக்கோபார் மொழிகளும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.) தொல்காப்பியர் உரியியலின் தொடக்கத்தில் இசை, குறிப்பு, பண்பு என மூன்றாகப் பகுத்ததும், கிளவியாக்கத்தில் இரட்டைக்கிளவி பிரிந்து நில்லாது என விதித்ததும் இத்துறையில் தமிழ் இலக்கணம் எய்திய நுட்பத்தைக் காட்டும். செவியால் அறிவது இசை. மனத்தால் உய்த்துணர்வது குறிப்பு. உழைப்புச் சித்திரம் தருவது வெளிப்பாடு அன்று, இக்குறிப்பே எனலாம்.

எனவே அதனை விளக்கும் உரைநடைக்குக் குறிப்புச் சொற்கள் தேவை. சொரசொர, கரகர, நறநற, வெடவெட, திட்டுத்திட்டாக, தீற்றலாக, அப்பினாற்போல, மூச்சிரைக்க, திணறத்திணற என இவ்வகைச் சொற்கள் பேச்சில் நிரம்பிக் கிடக்கின்றன. பெருஞ்சுமையைப் பலர் சேர்ந்து இழுக்கையில் எழும் ‘ஐலசா’ என்னும் ஓசைக்கு அகராதிப் பொருள் இல்லை. எந்த நொடியில் விசை கூடவேண்டும் என்பதை அது உடலுக்குச் சொல்கிறது. கரித்துண்டின் அழுத்தம் கூடிக் குறையும் கோடும் அத்தகையதே. இவற்றை விட்டுவிட்டுக் கண்காட்சி மலர்களின் தமிழ் ‘உழைப்பின் உன்னதம்’, ‘வியர்வையின் வரலாறு’, ‘உயிர்த்துடிப்பான கோடுகள்’ ஆகிய தொடர்களுக்குள் சுருங்கிக்கிடக்கிறது. இத்தொடர்கள் பிழையானவை அல்ல. எந்த ஓவியத்திற்கும் பொருந்துவனவாக இருப்பதே அவற்றின் குறை.

சோதனையாக, கோல்விட்ஸின் ஏர் இழுப்போரை இருவிதமாக விளக்கிப் பார்க்கலாம். ஒன்று: ‘உழவரின் உழைப்பும் அவர்கள்மீதான சுரண்டலின் கொடுமையும் இவ்வோவியத்தில் ஆற்றலுடன் வெளிப்படுத்தப்பட்டுள்ளன.’ மற்றொன்று: ‘இருவர் ஏரை இழுக்கிறார்கள். முன்னால் விழாமல் அவர்களைத் தாங்குவது தோளில் மாட்டிய வார். பின்னால் இழுப்பதும் அதுவே. முகம் மண்ணைப் பார்த்தபடி, கால் ஊன்றி, நகர்ந்து, நின்று, மறுபடி ஊன்றி… வானம் அவர்களுக்குமேல் அகலமாக, வேலையில்லாமல் கிடக்கிறது.’ முதலாவதில் வினை செயப்பாட்டு வடிவில் உள்ளது. செய்வோர் வேற்றுமை உருபுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டனர். ஓவியத்தைப் பாராமலேயே அவ்வாக்கியத்தை எழுதிவிட முடியும். இரண்டாவதில் எச்சங்கள் அடுக்கிவந்து முற்றைத் தள்ளிப்போடுகின்றன. வாசகரும் மூச்சைப் பிடித்தே படிக்கவேண்டியுள்ளது. தமிழின் வினையெச்ச அடுக்கு கடும் உழைப்பைச் சொல்லுதற்கென்றே அமைந்தாற்போன்ற ஓர் அமைப்பு. ஆங்கிலத் தொடரமைப்பைப் பின்பற்றும் கலைக்கூடத் தமிழ் அதனையே முதலில் கைவிடுகிறது.

உழைப்பைச் சுட்டும் பெயர்களிலும் தெரிவு வேண்டும். வேலை, பணி, தொழில், உழைப்பு, கூலி, பாடு ஆகியவை ஒன்றுக்கொன்று மாற்றாகா. ‘பணி’ பதவியின் மரியாதையைக் கொண்டுவரும். சுரங்கத்தில் குனிந்திருப்பவரைப் ‘பணியில் ஈடுபட்டுள்ளார்’ என்று எழுதுவது அலுவலகத் தமிழ். ‘பாடு’ ஒன்றே வேலையையும் துன்பத்தையும் ஒருசேரச் சுட்டும். ‘பாடுபட்டான்’ என்பதில் எது முதற்பொருள் என்று பிரிக்கவியலாது. ‘பாட்டாளி’ என்னும் அரசியற் சொல் இதிலிருந்து வந்ததாயினும் முழக்கங்களில் தேய்ந்து, துன்பப்பொருளைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. கரிச்சித்திரத்தின் தலைப்பைப் பெயர்ப்போர் ‘உழைப்பு’க்கு முன்னால் ‘பாடு’ பொருந்துமா என்று ஒருமுறை எண்ணிப்பார்ப்பது நன்று.

செக்கு

அந்தமான் தீவுகளில் இவ்வெண்ணம் வெறும் சொல்லாராய்ச்சியாக நிற்பதில்லை. 1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட செல்லுலர் சிறையில் கைதிகள் தேங்காய் மட்டையை அடித்து நாரெடுத்தனர். மாட்டைப்போல் எண்ணெய்ச் செக்கைச் சுற்றினர். நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய் என்னும் அளவு அங்கிருந்தோரின் நினைவுக்குறிப்புகளில் பதிவாகியுள்ளது. 1979இல் தேசிய நினைவுச்சின்னமாக அர்ப்பணிக்கப்பட்ட அச்சிறையில் இன்று செக்கும், அதனைச் சுற்றும் கைதியின் மாதிரி உருவமும் காட்சிக்கு உள்ளன.

2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரின் குடியிருப்புகளுள் பத்துபஸ்தியும் ஒன்று. தமிழ் எழுத்தில் இப்பெயரைப் படிப்பவர் முதலில் எண்ணுப்பெயரையே காண்பார். உரோமன் எழுத்தில் இச்சொல் ஒலிப்புடைய இதழொலியில் தொடங்குகிறது. தமிழ் வரிவடிவம் அவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ‘பஸ்தி’ குடியிருப்பைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல். வங்காளம், தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசுவோர் இந்தியைப் பொதுமொழியாகக் கொண்டு வாழும் நகரம் அது. அங்கு வளரும் தமிழ்ச் சிறுவர் செக்கை ‘கோலு’ என்னும் இந்திப் பெயரால் முதலில் அறிந்தால் வியப்பில்லை. இந்தியில் ‘கோலுவின் மாடு’ எனினும் தமிழில் ‘செக்குமாடு’ எனினும் பொருள் ஒன்றே: சலிப்பூட்டும் வழக்கத்தில் சுற்றிச்சுற்றி வருபவர். மாட்டின் களைப்பு மொழியில் மனிதரின் மந்தத்தன்மைக்கு உவமையாகிவிட்டது.

தமிழில் ‘செக்கு’ மற்றொரு நினைவையும் எழுப்பும். 1908இல் தண்டிக்கப்பட்டு 1912இல் விடுதலையான வ.உ. சிதம்பரம் பிள்ளை கோயம்புத்தூர்ச் சிறையில் இழுத்த செக்கு இன்று சென்னைக் காந்தி மண்டபத்தில் உள்ளது. அவருக்கு வழங்கும் ‘செக்கிழுத்த செம்மல்’ என்னும் தொடரில் ‘இழுத்த’ என்னும் பெயரெச்சம் உழைப்பை வெளிப்படையாகக் கூறுகிறது. ‘கடுங்காவல்’ மறைத்ததை இவ்வடைமொழி மீட்டுக் கொடுத்தது எனலாம். ஆனால் ‘செம்மல்’ என்னும் உயர்வுச்சொல் உடனே வந்து, இழுத்தலைப் பெருமையாக்கிவிடுகிறது. 1961இல் வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ திரைப்படமும், பின்வந்த எண்ணற்ற நாட்காட்டிப் படங்களும் அப்பெருமையையே வரைந்தன. முகம் நம்மை நோக்கியிருக்கும், கண்ணில் கனல் இருக்கும், நெஞ்சு நிமிர்ந்திருக்கும். நெஞ்சை நிமிர்த்திச் செக்கை இழுக்க முடியாது என்பதை வான்கோ ஒரு பார்வையில் கண்டிருப்பார்.

அக்கருவியைக் கரியால் வரைய முற்படுவோர் முகத்தை அல்லாமல் வட்டத்தை வரையவேண்டியிருக்கும். நுகத்தடிக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள அழுத்தமும், ஒரே தடத்தில் நடந்து நடந்து தேய்ந்த தரையும், ஒருசுற்று முடிந்ததா என்று அறியவியலாமையும் அதில் இருக்கும். முதற்சுற்றின் கோட்டை அழித்து இரண்டாம் சுற்றை அதன்மேல் இழுத்தால் கறை படியும். மூன்றாவதில் தாள் கருக்கும். இச்சித்திரத்தின்கீழ்த் தமிழில் குறிப்பு எழுதும் மொழிபெயர்ப்பாளர், ‘கடுங்காவல் தண்டனை பெற்ற கைதி’ என்று தொடங்கினால் செக்கு அங்கேயே நின்றுவிடும். ‘சுற்றிச் சுற்றி, முப்பது பவுண்டு ஆகும்வரை சுற்றி’ என்று தொடங்கினால் முற்றுவினை எங்கே வைப்பது என்னும் சிக்கல் எழும். அதனை வைக்காமலே விடலாம்.